கொரியத் தொடர்களில் நாம் காண்பது யாது?

ஒருவரையொருவர் வீழ்த்தி உயிர்பிழைக்கும் கதையை ஒரு குடும்பம் கூடியிருந்து பார்க்கலாமா என்னும் வினா, கொண்டாப்பூரில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் சில ஆண்டுகளாக அடிக்கடி எழுகின்றது. பெரியோர் முகஞ் சுளிக்கின்றனர். இளைஞர் இரவெல்லாம் விழித்திருந்து பார்க்கின்றனர். முப்பதைக் கடந்து இரு சாராருக்கும் இடையில் நிற்கும் நம் போன்றோர், பெரியோர் உறங்கச் சென்ற பின்னர் ஒலியைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு பார்க்கின்றோம். மறைப்பானேன்? கொரிய நாட்டிலிருந்து வரும் இத்தகைய தொடர்களுள் பெயர்பெற்ற பலவற்றை நாம் பார்த்திருக்கின்றோம். ஒன்றிரண்டை இருமுறை பார்த்திருக்கின்றோம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி இரயில்வேயில் எழுத்தராக இருக்கும் நமக்குக் கலையாராய்ச்சி செய்யும் தகுதி இல்லை. எனினும் நம்மை ஈர்ப்பது எது என்பதை நாமே கூறாவிட்டால், அது வெறும் குருதி வேட்கை என்று பிறர் முடிவு கட்டிவிடுவர். அஃது அன்று என்பதே நம் துணிபு.

அறியாதார் பொருட்டுச் செய்தியை முதலிற் கூறிவிடுவோம். 'ஸ்குவிட் கேம்' என்னும் தொடர் 2021-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் நெட்பிளிக்ஸில் ஒன்பது பகுதிகளாக வெளிவந்தது. எழுதி இயக்கியவர் ஹுவாங் டாங்-ஹியுக். கடனில் மூழ்கிய 456 பேர் ஒரு தீவுக்குக் கொண்டு செல்லப்படுகின்றனர். அங்கே சிறுவர் விளையாட்டுகள் ஆறினை அவர்கள் ஆடவேண்டும். தோற்றவர் உயிரிழப்பர். ஒரு தலைக்குப் பத்துக் கோடி வோன் வீதம், எல்லாவற்றையும் வென்றவருக்கு 4,560 கோடி வோன் பரிசு. அந்நாளைய மாற்று மதிப்பில் ஏறத்தாழ 280 கோடி ரூபாய். முதல் நான்கு வாரங்களில் 14 கோடிக்கு மேற்பட்ட இல்லங்கள் இதனைப் பார்த்தன என்று நெட்பிளிக்ஸ் நிறுவனமே அறிவித்தது. 2022-இல் அமெரிக்காவின் எம்மி விருதுகள் ஆறு இதற்குக் கிடைத்தன. நாயகனாக நடித்த லீ ஜங்-ஜேயும் இயக்குநர் ஹுவாங்கும் விருது பெற்றோருள் அடங்குவர். இரண்டாம் பருவம் 2024 டிசம்பர் 26-இலும், மூன்றாவதும் இறுதியுமான பருவம் 2025 ஜூன் 27-இலும் வந்தன. தமிழிலும் தெலுங்கிலும் குரல் மாற்றிய வடிவங்கள் உண்டாகையால், கொரியமொழி அறியாமை நம் தெருவில் எவருக்கும் தடையாக இல்லை. அன்றியும் அம்மொழியில் தந்தையை அழைக்கும் சொல் 'அப்பா' என்றே நம் செவிக்குக் கேட்பதால், குரல் மாற்றாத வடிவத்தையும் நம் குழந்தைகள் சிரித்துக்கொண்டே கேட்கின்றனர்.

பெயரைக் கேட்டு மருள வேண்டா. ஸ்குவிட் என்பது கணவாய் மீன். வட்டம், சதுரம், முக்கோணம் ஆகியவற்றைச் சேர்த்து அம்மீனின் வடிவிலே தரையிற் கட்டம் வரைந்து, ஒரு சாரார் காக்க, மற்றொரு சாரார் நொண்டியடித்துக்கொண்டு உட்புக முயலும் தெரு விளையாட்டு அது. பாண்டிக்கும் சடுகுடுவுக்கும் பிறந்த பிள்ளை என்று கூறினால் நம்மவர்க்கு உடனே விளங்கும். ஏனைய ஆட்டங்களும் அத்தகையனவே. ஒருத்தி மரத்தை நோக்கி நின்று ஒரு தொடரைச் சொல்லி முடித்துத் திரும்பும்போது அசையாது நிற்றல், சர்க்கரைப் பாகில் ஆப்பச்சோடா இட்டுத் தட்டையாக வார்த்த மிட்டாயிலிருந்து குடை, நட்சத்திரம் முதலிய வடிவங்களை உடையாமற் பெயர்த்தெடுத்தல், கயிறிழுத்தல், கோலிக்குண்டு. இரண்டாம் பருவத்திலோ பம்பரமும் அஞ்சாங்கல்லும் வந்துவிட்டன. ஊருக்கு ஊர் அஞ்சாங்கல், தட்டாங்கல், சொட்டாங்கல் என்று நம்மிடையே பெயர் மாறும் அவ்விளையாட்டைக் கொரியர் 'கொங்கி' என்கின்றனர். ஐந்தையும் எறிந்து புறங்கையில் ஏந்தி மீண்டும் பிடிக்கும் கடைசிப் படியைக் கண்டதும், நம் இல்லத்தரசி அடுக்களையிலிருந்து ஓடிவந்து, "இதை நாங்கள் கோயில் மண்டபத்தில் ஆடியிருக்கின்றோமே!" என்று வியந்தார். அடுத்த நொடி துப்பாக்கி வெடித்தது. அவர் முகம் மாறியதை நாம் கண்டோம்.

இந்தத் தொடர்களின் அச்சம் இங்கேதான் பிறக்கின்றது என்று நாம் கருதுகின்றோம். ஆங்கிலப் படங்களில் வரும் பூதமும் வேற்றுக் கோளினரும் நம் வாழ்வில் இல்லாதவை. அவற்றைப் பார்த்து அஞ்சிவிட்டு உறங்கப் போகலாம். கோலிக்குண்டு நம் கையில் இருந்த பொருள். பணம் என்ற ஒன்று இருப்பதையே அறியாத வயதில் நாம் வைத்திருந்த செல்வம் அது. அச்செல்வத்தை ஒருவன் கையில் மீண்டும் கொடுத்து, இப்போது இதற்கு விலை இவ்வளவு, தவறினால் உன் உயிர் என்று சொல்லுதல் கொடுமையுள் கொடுமை. கயிறிழுக்கும் பகுதியில், வலிமை குன்றிய அணிக்கு ஒரு கிழவர் உபாயம் கூறுவார்: கால்களை நேரே ஊன்றி, கயிற்றை அக்குளில் இறுக்கி, முதல் பத்து நொடி வானத்தைப் பார்த்து மல்லாந்து நில்லுங்கள் என்று. இரயில்வே விளையாட்டு விழாவில் கயிறிழுத்தவர் எவரும் அந்தப் பத்து நொடியைச் சும்மா இருந்து பார்த்திருக்க இயலாது. நாமும் நாற்காலியில் இருந்தபடியே மல்லாந்துவிட்டோம்.

நிற்க. ஆடுவோர் யாவர் என்பதற்கு வருவோம். அவர்கள் பெயரால் அழைக்கப்படுவதில்லை. சட்டையிற் பொறித்த எண்ணால் அழைக்கப்படுகின்றனர். நாயகன் 456. இதனை வியந்து எழுதியவர் பலர் உளர். நமக்கு இது வியப்பாக இல்லை. நாள்தோறும் ஹபீஸ்பேட்டை நிலையத்தில் எம்.எம்.டி.எஸ். வண்டியேறிச் செகந்திராபாத் சென்று நாம் செய்யும் வேலை, சம்பளப் பட்டியல் சரிபார்த்தல். பட்டியலில் மனிதர் எண்களாகவே வருகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் முகத்தை நாம் கண்டதில்லை. ஆனால் எண்ணுக்கு எதிரே நீளும் பிடித்தங்களை அறிவோம். வீட்டுக்கடன், கூட்டுறவுக் கடன் சங்கத் தவணை, காப்புறுதி, சில எண்களுக்கு நீதிமன்ற ஜப்தி. ஒரு மகளின் திருமணம் எந்த ஆண்டு நடந்தது, ஒரு மகன் எப்போது பொறியியல் கல்லூரியிற் சேர்ந்தான், எந்த வீட்டில் நோய் புகுந்தது என்பனவெல்லாம் அப்பிடித்தங்களைப் பார்த்தால் தெரிந்துவிடும். 1936-ஆம் ஆண்டின் ஊதியப் பட்டுவாடாச் சட்டம், ஊதியத்திற் பாதிக்கு மேல் பிடித்தல் ஆகாது என்றும், கூட்டுறவுச் சங்கக் கடனும் சேருமாயின் முக்காற் பங்கு வரை போகலாம் என்றும் வரம்பு கட்டிற்று. ஒரு மனிதனைக் கடன் முழுவதுமாக விழுங்கிவிடும் என்பதை அறிந்தவர் சட்டம் செய்தனர். தொடரின் முதற்பகுதியில், அறிமுகமில்லாத ஒருவன் நாயகனிடம் வந்து, அவன் பெயரையும் கடன்தொகையையும் தவறின்றி ஒப்பிக்கின்றான். நம் போன்ற எழுத்தன் ஒருவன் எங்கோ உட்கார்ந்து அப்பட்டியலைத் தயாரித்திருப்பான் அல்லவா என்ற எண்ணமே அப்போது நமக்கு வந்தது.

கதையின் நாடி முதல் ஆட்டத்தில் இல்லை. அதற்குப் பின் வரும் வாக்கெடுப்பில் உள்ளது. முதல் ஆட்டத்தில் 255 பேர் மாண்டபின் எஞ்சியோர் 201 பேர். பெரும்பான்மையோர் விரும்பினால் ஆட்டத்தை நிறுத்தலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி உண்டு. வாக்கெடுக்கின்றனர். 101-க்கு 100 என்ற கணக்கில் ஆட்டம் நிற்கின்றது. அனைவரும் வீட்டுக்கு அனுப்பப்படுகின்றனர். அத்துடன் கதை முடிந்துவிட வேண்டும் அன்றோ? முடியவில்லை. வீட்டுக்குப் போனவர்களுள் 187 பேர் தாமே திரும்பி வருகின்றனர். எவரும் அவர்களைக் கட்டி இழுத்து வரவில்லை. அந்த இரண்டாம் பகுதியில் ஒரு துளி குருதி சிந்துவதைக் காட்டிலும் கடுமையான காட்சிகள் உள்ளன: மருத்துவமனையில் கிடக்கும் தாய், அயல்நாடு செல்லவிருக்கும் மகள், கூலி தராத முதலாளி. உள்ளே நிச்சயமான சாவும் நிச்சயமற்ற பணமும்; வெளியே நிச்சயமான கடன். இக்கணக்கைப் போட்டுப் பார்த்து அவர்கள் திரும்புகின்றனர். இதனை மிகை என்று கூறுவோர் கடன் தொல்லையை நேரிற் காணாத பேறுடையோர்.

நாம் நேரிற் கண்டோம். கோவில்பட்டிப் பக்கத்துத் தம்பி ஒருவர் நம் தெருவிலுள்ள ஆடவர் விடுதியில் தங்கியிருந்தார். பெயர் வேண்டா. பெரிய கணிப்பொறி அலுவலகக் கட்டடங்களில் குளிர்சாதனப் பொறிகளைப் பராமரிப்பது அவர் தொழில். 2020-இல் பெருந்தொற்று வந்து, கணிப்பொறியாளர் யாவரும் வீட்டிலிருந்தே வேலை செய்யலாயினர். ஆளில்லாத கட்டடத்துக்குக் குளிர்ச்சி எதற்கு? ஊதியம் பாதியாயிற்று, 2021 கோடையில் அதுவும் நின்றது. ஊரில் தந்தைக்கு நோய். கைப்பேசியில் ஒரு செயலி வழியே அவர் கடன் கேட்டார். ஐயாயிரம் கேட்டவர் கைக்கு மூவாயிரத்தைந்நூறு வந்தது. ஏழாம் நாள் ஐயாயிரமாகக் கட்டவேண்டும். அதைக் கட்ட மற்றொரு செயலி, அதற்கு இன்னொன்று. முதல் வாரம் 'அண்ணா' என்று இன்குரலில், அதுவும் தமிழிலேயே பேசிய ஒருவர், மூன்றாம் வாரம் பேசிய சொற்களை இங்கே எழுதலாகாது. தம்பியின் கைப்பேசியில் இருந்த எண்கள் அனைத்திற்கும் செய்தி போயிற்று. நமக்கும் வந்தது. அவர் தங்கைக்கும் போயிற்று, ஒட்டி மாற்றிய படத்தோடு.

இஃது ஒருவர் கதை அன்று. 2020 டிசம்பரிலேயே ஐதராபாத், சைபராபாத் காவல்துறையினர் இத்தகைய கடன் செயலிகளின் பின்னிருந்த அழைப்பு மையங்களைச் சோதனையிட்டுப் பலரைச் சிறைப்படுத்தினர். நம் தெலங்கானாவிலேயே சிலர் தம் உயிரை மாய்த்துக்கொண்ட பின்னர் அது நடந்தது. 2021 ஜனவரி 13-இல் ரிசர்வ் வங்கி ஒரு குழுவை அமைத்தது. 2022 செப்டம்பரில் விதிகளை வெளியிட்டது. கடன் தருவோர் கைப்பேசியிலுள்ள தொடர்பு எண்களைத் தொடுதல் ஆகாது, கடன்தொகை கடன் பெறுபவர் கணக்கிலேயே நேரே சேர்தல் வேண்டும் என்பன அவற்றுட் சில. நம் தம்பிக்கு அவ்விதிகள் ஓராண்டு பிந்தி வந்தன. அவரை அழைத்துக்கொண்டு நாமும் சங்கத்து அன்பர் இருவரும் கச்சிபௌலிக்குச் சென்று முறையிட்டோம். முறையீட்டைப் பெற்றுக்கொண்டார்கள். எண்ணை மாற்றினார், ஊரில் ஒரு துண்டு நிலம் அடைமானமாயிற்று, அவர் பிழைத்தார். விடுதியில் தனியே இருக்கவிடலாகாது என்று சில வாரங்கள் நம் வீட்டில் உறங்கச் செய்தோம். அந்த வாரங்களில்தான் ஸ்குவிட் கேம் வெளிவந்தது.

அத்தொடரை அவர் பார்க்க நாம் விரும்பவில்லை. அவரோ நம்மைவிட ஆழ்ந்து பார்த்தார். மூன்றாம் பகுதி முடிந்தபோது அவர் கூறிய சொல் இன்னும் நம் செவியில் உள்ளது. "அண்ணாச்சி, அங்கே ஆட்டத்துக்கு முன்னால் விதியையாவது சொல்லிவிடுகின்றார்கள்" என்றார்.

நாமும் அதன்பின் அக்கண்கொண்டே பார்த்தோம். அக்கொலைக்களத்தில் உண்மையாகவே ஓர் ஒழுங்கு இருக்கின்றது. எல்லார்க்கும் ஒரே உடை, ஒரே உணவு, ஒரே விதி. ஐந்தாம் பகுதியில், ஆட்டத்தின் இரகசியத்தைச் சிலருக்கு முன்கூட்டிச் சொன்னவர்களைக் கொன்று, வெளியுலகில் ஏற்றத்தாழ்வுக்கு ஆளானோர்க்கு இங்கே சமவாய்ப்பு அளிக்கின்றோம் என்று முகமூடித் தலைவன் அறிவிக்கின்றான். பொய்யன் கூறும் சமத்துவம்தான். அங்கே ஆடுவது யார், இருந்து பார்ப்பது யார் என்று எண்ணினாலே அதன் பொய்ம்மை விளங்கும். ஆயினும் அப்பொய் கேட்போரை ஏன் கவர்கின்றது? விதி தெரியாத ஆட்டத்தில் நெடுநாள் தோற்றவனுக்கு, விதி தெரிந்த ஆட்டம், உயிரே பணயமானாலும், ஓர் ஆறுதல் போலத் தோன்றும். தேர்வெழுதி, நேர்முகத்துக்குச் சென்று, காரணம் சொல்லப்படாமல் திரும்பிய நம் பிள்ளைகள் பலர். அவர்கள் கண்ணை இத்தொடர்களிலிருந்து எடுக்க மாட்டாமைக்கு இதுவே தலையாய காரணம் என்பது நம் கருத்து.

2024 மே மாதம் வந்த 'தி 8 ஷோ' என்னும் மற்றொரு கொரியத் தொடர் இதற்கு மறுதலையானது. எட்டுப் பேர், எட்டு மாடிகள். அறையில் இருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பணம் ஏறும். முதல் மாடிக்காரருக்கு நிமிடத்துக்குப் பதினாயிரம் வோன். எட்டாம் மாடிக்காரருக்கு 3,40,000 வோன். செய்யும் வேலை ஒன்றே, அடைபட்டிருத்தல். மாடியை அவரவர் தேர்ந்த சீட்டு முடிவு செய்தது. ஊதியப் படிநிலைகளை நாளெல்லாம் பார்க்கும் நமக்கு இதில் வெளிப்படையாக ஒன்றும் புதிதில்லை. ஆனால் கதை நடுவே கொடுமை மிகுந்து, துன்புறுத்தலையே காட்சியாக நீட்டிச் சலிப்பூட்டிவிட்டார்கள். பாதியில் நிறுத்திப் பத்து நாள் கழித்தே முடித்தோம்.

இக்கதைகள் கொரிய மண்ணிலிருந்து ஏன் இவ்வளவு வருகின்றன என்பது கேட்கத்தக்க வினா. அந்நாட்டின் செழிப்பை நாம் நன்கு அறிவோம். ஊருக்குச் செல்லும்போது ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையைப் பார்க்காதவர் யார்? அச்செழிப்பின் அடியில் ஒரு காயம் இருக்கின்றது. 1997 இறுதியில் அந்நாட்டின் அந்நியச் செலாவணி வற்றி, பன்னாட்டு நிதியத்திடம் கையேந்த நேர்ந்தது. 1998 ஜனவரியில் மக்கள் தம் வீட்டுப் பொன்னை நாட்டுக்காக விற்க வரிசையில் நின்றனர். திருமண மோதிரமும், குழந்தையின் முதலாண்டு நிறைவுக்கு அணிவித்த மோதிரமும் அவற்றுள் அடங்கும். ஏறத்தாழ 35 இலட்சம் பேர் கொடுத்த பொன் 227 டன் அளவு இருந்தது. தாலிக்கொடியை அடகுக்கடையில் வைக்கும்போது நம் பெண்டிர் கண் கலங்குவதைப் பார்த்தவர்க்கு அந்த வரிசை எத்தகையது என்று விளக்க வேண்டியதில்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் ஆட்குறைப்பை எளிதாக்கும் சட்டமும் வந்தது. பொன் கொடுத்தவரும் வேலை இழந்தவரும் பல வீடுகளில் ஒருவரே.

ஸ்குவிட் கேம் நாயகன் முன்னர் ஒரு மோட்டார் ஆலையில் பத்தாண்டு உழைத்தவன். வேலைநிறுத்தத்தில் தோழன் சாவதைக் கண்டவன். அதே இரவில் தன் மகள் பிறந்ததைக் காணாதவன். இதற்கு மூலம் 2009-ஆம் ஆண்டு பியோங்டேக் நகரில் சாங்யோங் மோட்டார் ஆலையில் நடந்த போராட்டம் என்று இயக்குநரே கூறியுள்ளார். 2,646 பேரை நீக்குவதாக அறிவித்தவுடன் தொழிலாளர் ஆலையைக் கைக்கொண்டு 77 நாள் உள்ளே இருந்தனர். காவற்படை வானூர்தி கொண்டு அடக்கிற்று. அதன்பின் ஆண்டுதோறும் அவர்கள் வீடுகளில் சாவு தொடர்ந்தது. 2011-இல் அவ்வாலையின் பெரும்பங்கை வாங்கியது நம் நாட்டு மகிந்திரா நிறுவனம் என்பதும், 2022-இல் அது மற்றொரு கொரியக் குழுமத்தின் கைக்குப் போயிற்று என்பதும் நம்மவருட் பலர் அறியாத செய்திகள். இயக்குநர் ஹுவாங்கும் பசி அறிந்தவரே. 2008, 2009-ஆம் ஆண்டுகளில் தாயும் பாட்டியும் கடன் வாங்கிக் குடும்பம் நடத்த, படக்கதை வாசிக்கும் கடைகளில் உட்கார்ந்து இக்கதையை எழுதியவர், ஒரு கட்டத்தில் கையிலிருந்த மடிக்கணினியையே விற்றார். நம்ப முடியாத கதை என்று முதலீட்டாளர் அப்போது ஒதுக்கினர். பத்தாண்டு சென்றபின் உலகம் அதனை நம்பத் தொடங்கியது. 2021-இல் அந்நாட்டுக் குடும்பங்களின் கடன், நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியையே விஞ்சியிருந்தது.

தொடர் அன்றாயினும், 2016-இல் வந்த 'டிரெயின் டு பூசான்' என்னும் படத்தை இரயில்வேக்காரர் எவரும் விட்டுவிட ஒண்ணாது. சியோலிலிருந்து பூசான் செல்லும் விரைவு வண்டிக்குள் கடிபட்டோர் பேயுருக்கொண்டு பிறரைக் கடிக்கின்றனர். அப்பேய்களை நாம் பொருட்படுத்தவில்லை. உயிரைப் பணயம் வைத்துப் பெட்டி பெட்டியாகக் கடந்து வந்தவர்களைக் கடைசிப் பெட்டியிலிருந்த நல்ல மனிதர்கள் கதவைக் கட்டி உள்ளே விடாமல் தடுக்கும் காட்சியே உள்ளத்தைக் குலுக்கிற்று. பொங்கலுக்கு முதல்நாள் சார்மினார் விரைவு வண்டியின் முன்பதிவற்ற பெட்டியில் ஏற முயன்ற தமிழர் அனைவரும் அக்கதவை அறிவர். உள்ளே நின்றவர்களாகவும் அறிவர்.

குழந்தைகள் இவற்றைப் பார்க்கலாமா? பார்க்கலாகாது. வயது வந்தோர்க்கு என்றே குறித்து வெளியிடுகின்றனர். அக்குறிப்பை மதிப்பதே பெற்றோர் கடமை. நம் குடியிருப்பின் வாகன நிறுத்தத்தில் சிறுவர் சிலர் அந்தப் பொம்மை போலத் திரும்பிப் பார்த்து, அசைந்தவனை 'சுட்டு' விளையாடியதை நாம் கண்டித்தோம். இரண்டாம், மூன்றாம் பருவங்களைப் பற்றி முழுமனத்தோடு புகழவும் நம்மால் இயலவில்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் வாக்கெடுத்து, நிறுத்துவோர் ஒருபுறமும் தொடர்வோர் மறுபுறமுமாகப் பிரிந்து பகைப்பதை விரித்தமை நன்று. நம் நாட்டுத் தேர்தல்களைக் கண்டவர்க்கு அது நன்றாகவே விளங்கும். ஆனால் செல்வர் முகமூடியணிந்து வந்து சிரிப்பதும் பேசுவதும் பொம்மலாட்டமாகவே உள்ளன. வறியவரை இவ்வளவு நுட்பமாக எழுதியவர்க்குச் செல்வரை எழுத வரவில்லை.

இனி அலியைப் பற்றிக் கூறவேண்டும். புலம்பெயர்ந்தோர் இதழில் அவனைக் கூறாமல் விடுதல் முறையன்று. 199 என்னும் எண்ணுடைய அவன் பாகிஸ்தானிலிருந்து வந்த கூலித் தொழிலாளி. நடித்தவர் டில்லியைச் சேர்ந்த அனுபம் திரிபாதி. 2010-இல் உதவித்தொகை பெற்றுக் கொரியத் தேசியக் கலைப் பல்கலைக்கழகத்திற் பயிலச் சென்றவர். 2004 முதல் நடைமுறையில் உள்ள வேலை அனுமதித் திட்டத்தின்கீழ் இலங்கை, நேபாளம், வங்காளதேசம், பாகிஸ்தான் முதலிய நாடுகளிலிருந்து அங்கே ஆட்கள் செல்கின்றனர்; விரும்பியபோது முதலாளியை மாற்றிக்கொள்ள அவர்களால் எளிதில் இயலாது. அலிக்குப் பொறியில் விரல்கள் போயின. ஆறு மாதக் கூலியும் வரவில்லை. இருந்தும் அவன் எவரைக் கண்டாலும் குனிந்து வணங்கி 'முதலாளி' என்றே அழைக்கின்றான். முதல் ஆட்டத்தில், அறியாத ஒருவன் இடறி விழப்போகையில் அவன் சட்டையை ஒரு கையால் பற்றி அசையாமல் நிறுத்துபவனும் அவனே.

அவனுக்குப் பேருந்துக் கட்டணம் கொடுத்த படித்த கொரியன் ஒருவன், "என்னை முதலாளி என்னாதே, அண்ணன் என்று அழை" என்கின்றான். அலியின் முகம் மலர்ந்ததை நாம் என்றும் மறவோம். இந்நகருக்கு வந்த புதிதில் தெலுங்கு ஒரு சொல்லும் அறியாத நமக்கு முதலில் கைகொடுத்த சொல்லும் 'அன்னா' என்பதே. ஆட்டோக்காரரும் அன்னா, வாடகைக்கு வீடு காட்டியவரும் அன்னா. அச்சொல்லை நம்பித்தான் நாம் இங்கே குடியேறினோம். பெரும்பாலும் அது நம்மைக் காத்தது. கோலிக்குண்டு ஆட்டத்தில் அந்த அண்ணனே, அலி வென்ற குண்டுகளை ஒரு பையிலிட்டு அவன் கழுத்தில் கட்டுவதாகப் பாசாங்கு செய்து, கூழாங்கற்கள் நிறைந்த பையை மாட்டிவிட்டுச் செல்கின்றான். பையைத் திறந்து பார்த்து அலி 'அண்ணா' என்று கூப்பிடும் காட்சியில், அருகிலிருந்த கோவில்பட்டித் தம்பி எழுந்து வெளியே போய்விட்டார். அன்று நாம் அவரிடம் ஒன்றும் பேசவில்லை.

இரண்டாம் பருவம் வருமுன் முதற்பருவத்தை மறுபடியும் தமிழிற் பார்த்தோம். அப்போது நம் மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார். கொலைக்கதை வேண்டா என்று அடுத்த அறையிற் படுத்துக்கொண்டவர், கதவு திறந்திருந்தமையால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் போலும். தொடர் முடிந்து நாம் விளக்கை அணைக்கும் நேரம், "மாப்பிள்ளை, அந்தப் பாகிஸ்தான் பையன் பெண்டாட்டியைக் கைக்குழந்தையோடு ஊருக்கு அனுப்பினானே, அவள் போய்ச் சேர்ந்தாளா?" என்று கேட்டார்.

முதலாளியோடு மல்லாடியபோது கிடைத்த பணத்தை மனைவி கையில் கொடுத்து, நீ முன்னே போ, நான் பின்னே வருகின்றேன் என்று அவன் சொன்ன இடம் இரண்டாம் பகுதியில் வருகின்றது. அதன்பின் கதை அவளை மறந்துவிட்டது. போய்ச் சேர்ந்திருப்பாள் என்றோம். "நீங்கள் பார்த்தீர்களா?" என்றார். இல்லை என்றோம். மூன்றாம் பருவமும் வந்து முடிந்துவிட்டது. ஊரிலிருந்து தொலைபேசியில் பேசும்போது பேரனின் படிப்பு, மழை, பால்விலை எல்லாம் கேட்டபின், அவளைப் பற்றியும் ஒருமுறை கேட்டார்.